வளர்கிற பெண்ணுக்கு எத்தனை மீட்டர்?

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தையல் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரு மகள் இருக்கிறாள். சிலதில் தைக்க ஆசைப்படுகிறாள், சிலதில் தைத்ததைப் போடமாட்டேன் என்கிறாள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நாத்தனார் தைத்ததோடு ஒப்பிட்டு எழுதியிருந்த பகுதிகளை முழுதாகவே எடுத்துவிட்டேன்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். ஸ்டேப்ளர் போலக் கைக்குள் அடங்கும் தையல் மெஷின் ஒன்று விளம்பரத்தில் வருகிறதே, ஆரம்பத்துக்கு அது போதுமா?

பதில்: வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, மேஜையின் கடைசி டிராயரில். விளம்பரத்தில் ஒரு பெண் தொங்குகிற திரைச்சீலையைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டு தைத்தார். அதைப் பார்த்து வாங்கி, மகளின் ஸ்கர்ட் ஓரத்தை மடித்துத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது ஓரம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வகுப்பில் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கருவியில் பாபின், அதாவது அடி நூலைச் சுற்றி வைக்கும் சின்ன உருளை, கிடையாது. ஒற்றை நூல் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போகும் சங்கிலித் தையல் அது. மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது சரியான முனையை இழுத்தால் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வருமே, அதே தையல்தான். சாதாரண மெஷினில் மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓர் இடத்தில் அறுந்தாலும் மிச்சம் நிற்கும்.

9 வயதுப் பெண்ணுக்கும், பெரியவர்கள் தைக்கும் மெஷினே சரி. வேகத்தைக் குறைத்து வைக்கிற வசதி இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கையால் சுற்றும் பழைய மெஷின் வீட்டில் கிடந்தால் அது இன்னும் நல்லது. கை நின்றால் ஊசியும் நின்றுவிடும். ஆனால் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை கையூசியால் பட்டன் தைக்கட்டும், சின்னதாக ஒரு பை தைக்கட்டும். அப்புறமும் மெஷின் கேட்டால் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு கவுன் தைக்கப் போன முறை ஒன்றரை மீட்டர் வாங்கினேன், போதுமானதாக இருந்தது. இந்த முறையும் அதே ஒன்றரை மீட்டர்தான், ஆனால் கை வெட்டத் துணி இல்லை. கடைக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அகலம் எவ்வளவு? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், அகலம் என்ற சொல்லே அதில் இல்லை. 58 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் கிடைப்பது, 36 அங்குலத் துணியில் கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: தைத்தபோது முழங்காலை மூடிய பருத்தி கவுன் முதல் சலவையிலேயே முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மட்டமான துணியா?

பதில்: துவைக்காமல் வெட்டியிருக்கிறீர்கள். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 80 செ.மீ. கவுனில் அது 4 செ.மீ. வரை போகும். சுருங்குவதற்கும் சேர்த்துத் துணி எடுங்கள். பின்னால் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே ஒரு தடவை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் கத்தரிக்கோலைத் தொடுங்கள். லைனிங் துணியையும்தான். அதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 7 வயதுக்கு என்று அச்சிட்ட பேப்பர் பேட்டர்ன் வாங்கினேன். மகளுக்குச் சரியாக 7 வயது. அதன்படியே வெட்டித் தைத்தும் தோள் சரிகிறது, நீளமோ போதவில்லை. பேட்டர்ன் தவறா, நான் தவறா?

பதில்: 7 என்ற எண் தவறு. இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். கேட்டுவிட்டீர்கள், நீங்கள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

வயது ஓர் அளவே அல்ல. எந்த டேப்பிலாவது வயது அச்சிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பெண்களைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒருத்தியின் உச்சந்தலை இன்னொருத்தியின் காதுக்குத்தான் வரும். ஐரோப்பாவில் ஆடை அளவுகளுக்கென்று ஈ.என். 13402 என்ற தரநிலை இருக்கிறது. குழந்தைகள் உடைக்கு அதில் அடிப்படை உயரம்தான். 104, 110, 116, 122 என்று 6 செ.மீ. படிகளாக ஏறும். பள்ளி வயதுக் குழந்தை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வதால், ஒரு படி ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குச் சரியாகவும் இருக்கும். சுவரில் பென்சில் கோடு போட்டு உயரம் குறிக்கிற எந்த வீட்டுக்கும் இது உடனே புரியும்.

அப்படியிருக்க ஏன் ‘7-8 வயது’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள்? விற்க எளிது, அதுதான். பரிசு வாங்க வருகிறவருக்குக் குழந்தையின் உயரம் தெரியாது, வயது தெரியும். வாங்கிக்கொண்டு போய்விடுவார். பொருந்தாவிட்டால் பழி குழந்தை மேல் விழும். ‘ஒல்லியாப் போயிட்டா’ என்பார்கள், ‘குண்டாயிட்டா’ என்பார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி கடைக் கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவள் வயதுக்கான கவுன்தான் அது, ஜிப் ஏறவில்லை. அந்தச் சீட்டை ஒட்டியவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, உங்கள் கவுனுக்கு வருகிறேன். பேட்டர்ன் உறையின் பின்பக்கம் அளவுப் பட்டியல் இருக்கும். மேலுடுப்புக்கும் கவுனுக்கும் மார்புச் சுற்றளவைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள், நீளத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மகள் மார்பளவில் ஒரு எண் கீழே, உயரத்தில் ஒரு எண் மேலே இருக்கிறாள் என்று நினைக்கிறேன். நீளம் கூட்டுகிற இடத்தில் பெரும்பாலான பேட்டர்ன்களில் இரட்டைக் கோடு போட்டிருக்கும். அங்கே குறுக்கே வெட்டி, வேண்டிய அளவு பிரித்து, நடுவில் காகிதம் ஒட்டுங்கள். கீழே மட்டும் நீட்டினால் இடுப்பு விலாவுக்கு ஏறிவிடும். உங்கள் டேப்பையும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் மேல் வைத்துப் பாருங்கள். என்னுடைய பழைய துணி டேப் இழுபட்டு நீண்டுபோனது தெரியாமல் இரண்டு வருடம் எல்லோருக்கும் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: வளர்கிற பெண் என்று எப்போதும் இரண்டு அளவு பெரிதாகவே தைக்கிறேன். சாக்கு மாட்டியது போல இருக்கிறது என்கிறார்கள் வீட்டில். வேறு வழி இருக்கிறதா?

பதில்: வீட்டில் சொல்வது சரி. நாலு வயதிலிருந்து பத்து வயதுவரை பிள்ளைகள் மேல்நோக்கித்தான் வேகமாக வளர்கிறார்கள், பக்கவாட்டில் மெதுவாக. தோளையும் கழுத்தையும் இன்றைய அளவுக்கே வெட்டுங்கள். கூடுதல் துணியை நீளத்தில் ஒளித்து வையுங்கள். கீழே 3 அங்குலம் மடித்துத் தைக்கலாம், அல்லது ஓரத்துக்கு மேலே துணியைக் குறுக்கே மடித்துத் தைத்து இரண்டு டக் பிடிக்கலாம். பார்ப்பவர்களுக்கு டக் அலங்காரமாகத் தெரியும், அடுத்த வருடம் பிரித்துவிட்டால் கவுன் நீண்டுவிடும். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். தோளில் பட்டை வைத்த உடுப்பு என்றால் பட்டையில் பட்டனை நகர்த்தித் தைக்க இடம் விடுங்கள். மடிப்பைப் பிரிக்கும்போது பழைய கோடு தெரியும், உள்ளே இருந்த துணி மட்டும் பளிச்சென்று புதிதாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு ரிப்பனை ஓட்டிவிடுங்கள்.

கடையில் வாங்கும் உடுப்பில் இதற்கு வழியே கிடையாது. கால் அங்குலம் விட்டு, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடித்திருப்பார்கள், பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் தைப்பது மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணி, லைனிங், ஜிப், நூல், கெட்டுப்போன முதல் முயற்சி எல்லாவற்றையும் கூட்டினால் பல சமயம் ரெடிமேட்தான் மலிவாக முடியும். நமக்குக் கிடைக்கிற லாபம் உள்ளே விடுகிற அந்தத் துணிதான்.

பத்து, பதினொன்றுக்கு மேல் கணக்கு மாறும். பெண்களுக்கு உயரம் வேகமெடுக்கும் காலம் அது. ஒரே வருடத்தில் 8 செ.மீ. கூடப் போகும், உடல்வாகும் மாறும். அந்த இரண்டு மூன்று வருடம் விலை கூடின துணியைத் தொடாதீர்கள். டேப்பையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவளே அளந்து எழுதித் தரட்டும்.

கேள்வி: ‘நூறு சதவீதம் பருத்தி’ என்று போட்டிருந்த துணியை ஆன்லைனில் 5 மீட்டர் வாங்கினேன். நானும் மகளும் இரண்டு வாரம் உட்கார்ந்து வெட்டித் தைத்தோம். காலரை இஸ்திரி போடும்போது துணி சுருண்டு பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அவள் அழுதுவிட்டாள். வெட்டிய துணியைத் திரும்ப வாங்க முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் இருவர் மேலும் எந்தத் தவறும் இல்லை. முதலில் இதை மகளிடம் சொல்லுங்கள். பருத்தி சூட்டில் கருகும், உருகாது. உங்களுக்கு வந்தது பாலியெஸ்டர், அல்லது அது கலந்த துணி. வெட்டிய துணி திரும்பாது என்பது மனம் மாறி வருகிறவர்களுக்குச் சொல்கிற பேச்சு. கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் அந்தப் பேச்சு செல்லாது. பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் இதில் வாங்கியவர் பக்கம்தான் நிற்கின்றன.

விற்பனைப் பக்கத்தில் ‘பருத்தி’ என்று இருப்பதை அவர்கள் மாற்றுவதற்கு முன் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். பில், உருகிய காலரின் படம், வெட்டாமல் மிஞ்சிய துணி மூன்றும் பத்திரம். போனில் பேசாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். மசியவில்லை என்றால் அந்த விற்பனைத் தளம், அப்புறம் பணம் போன வங்கி, அதற்கும் அப்புறம் நுகர்வோர் குறைதீர்ப்பு என்று வரிசையாகப் போங்கள். விடாதீர்கள்.

அடுத்த முறைக்கு ஒரு சோதனை. துணி வந்ததும் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் கரும்புகை விட்டு உருகி, கெட்டியான மணியாக நிற்கும். நெடுக்கு இழை, குறுக்கு இழை இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள், ஒன்றில் மட்டும் பருத்தி வைத்திருப்பார்கள். மகள் பார்க்கட்டும், நெருப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். மற்ற துணியில் நன்றாகத் தைக்கிறது. மகளின் டி-ஷர்ட் துணியில் மட்டும் தையல் விட்டு விட்டு விழுகிறது. பாபின் நூலை மேல் நூலோடு கோக்கும் ஷட்டிலையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் பெரிய தொகை கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். ஷட்டில் கெட்டிருந்தால் எல்லாத் துணியிலும் காட்டிக்கொடுக்கும். பனியன் வகைத் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போட வேண்டும், ஊசி அளவு 75/11 அல்லது 80/12. சாதாரணக் கூர் ஊசி அந்தப் பின்னல் துணியில் தடுமாறும். வாங்கும்போது உங்கள் மெஷினுக்கு உருண்டைத் தண்டு ஊசியா, ஒரு பக்கம் தட்டையான ஊசியா என்று பார்த்து வாங்குங்கள். ஊசியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? சுமார் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. முறியும்வரை ஒரே ஊசியில் தைக்கிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். புது ஊசியிலும் தையல் விட்டால் வேறொரு மெக்கானிக்கைப் பாருங்கள்.

கேள்வி: 200 வகைத் தையல் போடும் கம்ப்யூட்டர் மெஷின் தவணையில் கிடைக்கிறது. மகளுக்குப் பிற்காலத்தில் உதவும் என்று பார்க்கிறேன்.

பதில்: தையல் மெஷினுக்கும் தவணைக்கும் பழைய உறவு. 1856-லேயே சிங்கர் நிறுவனத்தில் எட்வர்ட் கிளார்க் தவணையில் மெஷின் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். ‘மாதாமாதம் கொஞ்சம்தானே’ என்ற பேச்சில் நீங்கள் முதல் ஆள் இல்லை, நானும் இல்லை. என் மெஷினில் தையல் வகை நூறுக்கு மேல். இதுவரை நான் போட்டவை நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா. வாத்துகள் வரிசையாகப் போகிற தையல் ஒன்றும் உண்டு. ஒரே ஒரு தலையணை உறையில் போட்டேன். மகளுக்கு அப்போதே 14 வயது. “அம்மா, இது யாருக்கு?” என்றாள்.

அந்த மூன்றையும் ஒழுங்காகப் போடும் மெஷின் போதும். உங்கள் வீட்டுத் துணியை எடுத்துப்போய், மெல்லியதிலும் நாலாக மடித்த தடித்ததிலும் நீங்களே தைத்துப் பாருங்கள். தவணைதான் என்றால் வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: 5 வயது மகளுக்குத் தொப்பி வைத்த ஜாக்கெட் தைக்கிறோம். தொப்பியில் இழுத்துக் கட்டும் கயிறு எவ்வளவு நீளம் வாங்கலாம்?

பதில்: வாங்கவே வேண்டாம். சறுக்குமரத்திலோ பஸ் கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். 7 வயதுக்குக் கீழே தொப்பியிலும் கழுத்திலும் கயிறே கூடாது என்கிறது ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரநிலை. எலாஸ்டிக் தையுங்கள்.

கேள்வி: 13 வயது மகளுக்கு ஆசையாகத் தைக்கிற எதையும் அவள் போடுவதில்லை. துணிக்குச் செலவான பணமெல்லாம் வீண். என்ன செய்வது?

பதில்: துணியை யார் தேர்ந்தெடுத்தது? கடிதத்தில் ‘நான் எடுத்தேன்’ என்று நாலு இடத்தில் இருக்கிறது. கடைக்கு அவளையும் கூட்டிப்போங்கள், பட்ஜெட்டைச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கறுப்பு எடுத்தால் கறுப்பு. அப்புறம் பாக்கெட் வையுங்கள், கை முழுதாக உள்ளே போகிற மாதிரி இரண்டு. கடைகளில் பெண் பிள்ளைகள் உடுப்பில் பாக்கெட் போல ஒரு கோடு மட்டும் தைத்து ஏமாற்றுகிறார்களே, அந்தக் கோபத்தை அவள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். பாக்கெட் பையை அவளே தைக்கட்டும். உள்ளே இருப்பதால் கோணலானாலும் தெரியாது.

கேள்வி: துணி வெட்டும் கத்தரிக்கோலால் மகள் காகிதம் வெட்டிவிட்டாள். சாணை பிடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகும். சாணை பிடிக்கக் கொடுக்கும்போதே இன்னொன்று வாங்கி, அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.