டெக், கிளட்ச், ஸ்பிண்டில்: பழைய புல்வெட்டும் டிராக்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய தோட்ட டிராக்டரில் எஞ்சின் சுழற்சியைப் பிளேடுக்குச் சேர்க்கும் மின்காந்த கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளேடு உடனே சுற்றுகிறது. அரை மணி நேரம் வெட்டியபின் பிளேடை ஒருமுறை அணைத்தால், ஆறும்வரை மறுபடி பிடிப்பதில்லை. புது கிளட்ச்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம், தேய்ந்துபோய் அகன்ற இடைவெளி. எஞ்சினோடு சுற்றும் ரோட்டருக்கும், காயில் (மின்காந்தக் கம்பிச்சுருள்) இழுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறை பிளேடைப் போடும்போதும் உராய்வுப் பரப்பு தேய, அது கூடிக்கொண்டே போகும். செம்புக் காயில் சூடானால் மின்தடையும் ஏறும். 3 ஓம் காயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 3.7 ஓம் ஆகும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்தது 3.2-க்கு இறங்கிவிடும். இடைவெளி சரியாக இருந்தால் இந்தக் குறைவு தெரியவே தெரியாது. அகன்றிருந்தால் தட்டை இழுக்க வலு போதாது.

சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். கிளட்ச் ஓரத்தில் மூன்று சிறு ஜன்னல்களும், அவற்றின் பக்கத்தில் மூன்று நட்டுகளும் தெரியும். பல மாடல்களுக்கு இடைவெளி 0.3 முதல் 0.45 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஜன்னலில் நுழைத்து, லேசாகப் பிடித்து நகரும்வரை நட்டை முறுக்குங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நட்டை முறுக்கினால் மற்ற இரண்டு இடங்களிலும் அளவு மாறும் என்பதால் மூன்றையும் இரண்டு மூன்று முறை சுற்றி வாருங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் அணைத்த பிறகும் தட்டு உரசி, கிளட்ச் சூடாகிக் கருகும். வேலை முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள்: சுவிட்சை அணைத்த 5 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும்.

சில கிளட்சுகளில் இந்த நட்டுகளே இருக்காது. அவற்றில் பிளேடை நிறுத்தும் பிரேக் தட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்திருந்தால், அதை உருவி எடுத்துத் தேய்மானத்தை ஈடுகட்டலாம்.

கேள்வி: இடைவெளி சரிதான். ஆனாலும் பிடி வலுவாக இல்லை.

பதில்: இனி மல்டிமீட்டர் வேலை. கிளட்ச் பிளக்கைக் கழற்றிக் காயிலை அளந்தால் பெரும்பாலும் 2.5 முதல் 4 ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தால், பிளக்கை மாட்டியபடியே பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, கிளட்சைப் போட்டு வோல்ட் பாருங்கள். கழற்றிவைத்து அளந்தால் துருப்பிடித்த இணைப்பிலும் 12 வோல்ட் காட்டும். அந்த அளவை நம்பாதீர்கள். பேட்டரி முனையில் இருப்பதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்ச், சீட் சுவிட்ச், ரிலே, எர்த் வயர் என ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். பழைய வண்டிகளில் கிளட்ச் சுவிட்சின் கருகிய முனைகளே அடிக்கடி அகப்படும்.

காயில் உறை எஞ்சினோடு சேர்ந்து சுற்றாதபடி தடுக்கும் பிராக்கெட்டையும் பாருங்கள். அது உறையின் பிளவில் தளர்வாக உட்கார வேண்டும். விலகியிருந்தால் உறை சுழன்று வயரை அறுக்கும். இறுக்கிப் பூட்டினால் கிளட்ச் பேரிங் சீக்கிரம் போகும்.

கேள்வி: கிளட்ச் கிராங்க் ஷாஃப்ட்டில் (எஞ்சினின் சுழலும் தண்டு) துருவோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. ஷாஃப்ட் நுனியில் விழும் அடி எஞ்சினுக்குள் போகும். கிராங்க் ஷாஃப்ட் வளையும், எஞ்சின் பேரிங்கும் கெடும். நெருப்புக் காட்டினால் காயில் உருகும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு மெதுவாக இறுக்கி இழுங்கள். புல்லர் கொக்கி ரோட்டரின் கனமான பகுதியைப் பிடிக்க வேண்டும், மெல்லிய தட்டை அல்ல. திரும்பப் பூட்டும்போது ஷாஃப்ட்டை எமரித் தாளால் தேய்த்து, ஒட்டாமல் காக்கும் பசையை மெலிதாகத் தடவுங்கள். நடு போல்ட்டை டார்க் ரென்ச் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) வைத்தே முறுக்குங்கள். 7/16 அங்குல போல்ட்டுக்கு வழக்கமாக 68 முதல் 75 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: டெக்கின் (பிளேடுகளை மூடும் இரும்பு உறை) அடியில் துரு தின்று ஓட்டை விழுந்துவிட்டது. ஒட்டுப் போடலாமா, தூக்கிப் போடலாமா?

பதில்: அதை முடிவு செய்வது, பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டில் உட்காரும் இடம். ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லைச் சுரண்டிவிட்டு, அந்தத் தகட்டை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். அங்கே உறுதியாக இருந்தால் டெக் பிழைக்கும். ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 3 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். 20, 25 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றிப் போட்டால்தான் டெக் முறுக்காது. உட்பக்கத்து வெல்டை கிரைண்டரில் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். மேடு இருந்தால் ஈரப்புல் அங்கேதான் சேர்ந்து மறுபடி துருவைக் கொண்டுவரும்.

டெக்கை வண்டியிலிருந்து இறக்கி, ஸ்பிண்டில்களையும் கழற்றிய பிறகே வெல்டிங். மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்தால் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஸ்பிண்டில் துளையருகே விரிசல் இருந்தால் அதன் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்திவிட்டு வெல்டு செய்து, மேலே ஒரு வலுவூட்டும் தகடு பொருத்துங்கள்.

கேள்வி: புது ஸ்பிண்டில் பேரிங் போட்டேன், சில மணி நேர ஓட்டத்திலேயே இரைச்சல் கேட்கிறது.

பதில்: இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய் போன்ற ஸ்பேசர் இருந்ததா? அது விடுபட்டாலோ குட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, மேல் நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, பேரிங் பக்கச்சுமையில் நசுங்கும். ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் உருளைகள் அப்போதே அடிபட்டுவிடும். ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் இருந்து, நீங்கள் இருபுறமும் ரப்பர் சீல் உள்ள பேரிங் போட்டிருந்தால், உட்பக்கம் பார்க்கும் சீலை மட்டும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அடிக்கிற கிரீஸ் பேரிங்குக்குள் போகாது.

கேள்வி: எல்லாம் சரிசெய்த பிறகும் புல் ஏற்ற இறக்கமாக வெட்டப்படுகிறது.

பதில்: முதலில் டயர் காற்றைச் சமன் செய்யுங்கள். பிறகு கனமான கையுறை போட்டு, ஒரு பிளேடின் இரண்டு நுனிகளையும் ஒரே இடத்துக்குத் திருப்பித் தரையிலிருந்து அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் பிளேடோ ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது. நேரான வேறு பிளேடை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும். வளைவு இல்லையென்றால் இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், முன்பக்கம் மட்டும் 3 முதல் 6 மி.மீ. தாழ்வாக இருக்கும்படி டெக்கைத் தொங்கவிடுங்கள்.