தேடல் பெட்டி எங்கே போனது?

கேள்வி: பல ஆண்டுகளாகப் பயர்பாக்ஸ் உலாவியையே பயன்படுத்தி வருகிறேன். என் பழைய கணினியில் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் தேடலுக்கென்று தனிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அண்மையில் வாங்கிய கணினியில் அதே உலாவியை நிறுவினேன். அந்தப் பெட்டியைக் காணவில்லை. இருமுறை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தும் பயனில்லை. நான் அடிக்கடி தேடும் தமிழ் விக்கிப்பீடியாவும் தேடுபொறிப் பட்டியலில் இல்லை. இரண்டையும் எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை; நீங்கள் நிறுவிய முறையிலும் தவறில்லை. 2017 நவம்பரில் வெளிவந்த 57ஆம் பதிப்பிலிருந்து பயர்பாக்ஸ், முகவரிப் பட்டையையே தேடலுக்கும் உரிய இடமாக்கி, புதிதாக நிறுவுவோருக்குத் தனிப் பெட்டியைக் காட்டாமல் விட்டது. முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவர்களின் பழைய அமைப்பை மட்டும் கலைக்காமல் வைத்தது. இரண்டு கணினிகளிலும் ஒரே உலாவி வெவ்வேறு தோற்றத்தில் தெரிவதற்கு இதுவே காரணம்.

மீண்டும் மீண்டும் நிறுவுவதில் பயனில்லை என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலாவியை நீக்கினாலும், கருவிப்பட்டையின் ஒழுங்கு, புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் ஆகியவற்றைத் தாங்கிய ‘புரொஃபைல்’ என்னும் கோப்புறை பொதுவாகக் கணினியிலேயே தங்கிவிடும். மறுபடி நிறுவும்போது உலாவி அதையே எடுத்துக்கொள்வதால், எந்த நிலையில் விட்டீர்களோ அந்த நிலையிலேயே வந்து நிற்பீர்கள்.

பெட்டியைக் கொண்டுவருவது எளிது. கருவிப்பட்டையில் பொத்தான் எதுவும் இல்லாத இடத்தில் வலச்சொடுக்கிட்டு, ‘கஸ்டமைஸ் டூல்பார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு பக்கம் திறக்கும். அவற்றுள் ‘சர்ச்’ என்ற பெயருடன் நீள்சதுரமாக இருப்பதுதான் நீங்கள் தேடும் பெட்டி. அதைச் சுட்டியால் பிடித்து இழுத்து, முகவரிப் பட்டையின் வலப்பக்கத்தில் விட்டு, கீழ் மூலையில் உள்ள ‘டன்’ பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தில் நீள்சதுரம் இல்லையென்றால், பெட்டி ஏற்கெனவே பட்டையில் இருக்கிறது என்று பொருள். சாளரம் குறுகலாக இருக்கும்போது இடம் போதாத கருவிகள், பட்டையின் வலது ஓரத்தில் தோன்றும் இரட்டை அம்புக்குறிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். சாளரத்தை அகலப்படுத்தினால் வெளியே வந்துவிடும்.

தமிழ் விக்கிப்பீடியாவைச் சேர்க்க, முதலில் அந்தத் தளத்தைத் திறந்துகொண்டு, முகவரிப் பட்டைக்குள் வலச்சொடுக்கிடுங்கள். தோன்றும் பட்டியலில், அதைத் தேடுபொறியாகச் சேர்ப்பதற்கான வரி இருக்கும். சேர்த்த பின் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘சர்ச்’ பகுதிக்குச் சென்று, அந்தத் தேடுபொறிக்கு எதிரே ஒரு குறுஞ்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். ‘வி’ என்று கொடுத்தால், முகவரிப் பட்டையில் ‘வி யாழ்’ என்று தட்டியதுமே விக்கிப்பீடியாவுக்குள் யாழைத் தேடலாம். உலாவியோடு வந்த தேடுபொறிகளில் ஏதேனும் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தால், அவற்றை மீட்கும் பொத்தானும் அதே பகுதியில் உள்ளது. நீங்கள் தேர்ந்தெடுத்த தேடுபொறி தானாகவே மாறிக்கொண்டிருந்தால், நிறுவியிருக்கும் நீட்சிகளைத்தான், அதாவது உலாவியில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். உதவிப் பட்டியலில் உள்ள ‘ட்ரபிள்ஷூட் மோட்’ நீட்சிகளை எல்லாம் தற்காலிகமாக நிறுத்திக் காட்டும்.

தனிப் பெட்டி வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. முகவரிப் பட்டை தேடலுக்கும் பயன்படும்போது, தேடல் பரிந்துரைகள் இயங்கிக்கொண்டிருந்தால், அதில் நீங்கள் தட்டுபவை தட்டத் தட்டவே தேடுபொறிக்குச் செல்லக்கூடும். தேடலுக்குத் தனி இடம் இருந்தால், முகவரிப் பட்டையில் வரும் பரிந்துரைகளை மட்டும் ‘சர்ச்’ பகுதியில் நிறுத்திவிட்டு, முகவரி வேறு, தேடல் வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு பக்கத்துக்குள் சொல்லைத் தேடும் பட்டை எனக்குச் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது, பொருந்தும் எல்லா இடங்களையும் வண்ணமிட்டுக் காட்டும் பொத்தானும் அதில் இல்லை. இதுவும் பயர்பாக்ஸ்தான்.

பதில்: நீங்கள் சாய்கோட்டு (/) விசையை அழுத்தித் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது விரைவுத் தேடல். பொத்தான்கள் இல்லாமல் தோன்றிச் சிறிது நேரத்தில் தானே மறையும். கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையைச் சேர்த்து அழுத்துங்கள். அப்போது வரும் முழுப் பட்டையில் நீங்கள் சொல்லும் பொத்தான் இருக்கும். நீங்களாக மூடும் வரை பட்டையும் அங்கேயே நிற்கும்.