பூனைக்காலிப் பொடி கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சமையலறை வாசப்படிக்கு வந்ததும் கால் அப்படியே நின்றுவிடுகிறது. பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? என்ன உடற்பயிற்சி செய்யலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பொடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பூனைக்காலி விதையில் லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்து இருக்கிறது. அப்பாவின் மாத்திரையிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும், அட்டையைப் பாருங்கள். பொடி வேலை செய்யும் என்பதுதான் சிக்கலே. ஒரு ஸ்பூனில் எவ்வளவு மருந்து போகிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறி, வாந்தி, எழுந்ததும் தலைசுற்றல், கைகால் தானாக நெளிவது எல்லாம் வரலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள்.

உடற்பயிற்சியைத்தான் நான் தைரியமாகச் சொல்வேன். வாசப்படியில் கால் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். "அவசரமில்லப்பா, நில்லுங்க" என்று சொல்லுங்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி வைக்கட்டும். வாசப்படிக்கு முன்னும் பின்னும், ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் எழும்பிவிடும். சிலருக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதே போதும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். அவர் நடக்கும்போது "சாவி எங்கே வெச்சீங்க?" என்று கேட்காதீர்கள், கவனம் சிதறிவிடும்!

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் உங்களுக்கே தெரியும்: சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்ளும் நேரம். நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எல்லாவற்றையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள். கையை வீசி, குதிகால் முதலில் பதிய நடக்கட்டும். நம் வேலூர் வெயிலில் பகலில் வேண்டாம். இந்த நோயில் ரத்த அழுத்தம் இறங்குவதும் உண்டு. குரல் மங்கியிருந்தால் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் அவர் நடையை நேரில் பார்ப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். முட்டை, கறி, பருப்பு போன்ற புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். குமட்டினால் மாத்திரையோடு ஒரு பிஸ்கட் கொடுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் வாந்திக்கு மாத்திரை வாங்கினால் பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லியே வாங்குங்கள். மெட்டோகுளோபிரமைடு போன்றவை நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டிவிடும்.