குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: எனக்கு 46 வயது. கல்லூரி நாட்களிலிருந்தே டயட் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எட்டு, பத்து கிலோ குறையும். இரண்டு வருடத்தில் பழைய எடைக்கே வந்துவிடுவேன். ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்கிறார்கள் வீட்டில். அதுதான் காரணமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ப: இல்லை. வாயைக் கட்டத் தெரியாதவரால் ஒருமுறைகூடப் பத்து கிலோ குறைத்திருக்க முடியாது. நீங்கள் அதைப் பலமுறை செய்திருக்கிறீர்கள்.

எடை குறைந்ததும் உடம்பு அதை மீட்கப் பார்க்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் சரிகிறது, பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் ஏறுகிறது. எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றம் சரியாகவில்லை என்று 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவின் கணக்கு இன்னும் தெளிவானது: ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்து கிலோ குறைத்தவருக்குச் செலவில் 200, 300 கலோரி போய்விடும். அதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு பசி கூடவே நிற்கும். உங்களைச் சாய்ப்பது இந்தப் பசிதான். இதை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அதனால் ‘டயட் முடிந்தது’ என்று பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும் நாள்தான் ஆபத்தான நாள். குறைப்பது ஒரு வேலை, குறைத்ததைப் பிடித்து வைப்பது வேறு வேலை. இரண்டாவதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். இந்த முறை ஆறு மாதத்தில் உங்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டும் குறையுங்கள். பிறகு மேலும் குறைக்காமல், குறைந்தது மூன்று மாதம் அதே எடையில் நில்லுங்கள். நிற்கத் தொடங்கும்போது சாப்பாட்டை ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, தினசரி அளவில் 100 கலோரி மட்டும் சேர்த்து, இரண்டு வாரம் எடை அசையாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் இனி உங்கள் அளவு. பழைய எடையில் இருந்தபோது சாப்பிட்டதைவிட அது குறைவாகவே இருக்கும்.

இவ்வளவு சிறிய குறைப்பால் என்ன பயன் என்று தோன்றலாம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்த குழுவில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

கே: நேற்று 81.2 கிலோ, இன்று 82.6. எடை மெஷினைப் பார்த்தாலே மனசு விட்டுப்போகிறது. பார்க்காமலே இருந்துவிடலாமா?

ப: ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உப்பு கூடினால் நீர் தங்கும். உடம்பில் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்கிறது. டயட்டின் முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதும் இதே நீர்தான். அந்த இறக்கத்தையும் நம்பாதீர்கள்.

காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறி நில்லுங்கள். மெஷின் கெட்டியான சமதரையில் இருக்கட்டும்; விரிப்பின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ளவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. நிலைத்த எடைக்கு மேல் சராசரி 1.5 கிலோ போனால் சாப்பாட்டு அளவைத் திரும்பச் சரிபாருங்கள். 2.5 கிலோ போனால் அன்றே குறைப்புத் திட்டத்துக்குத் திரும்புங்கள். ஐந்து கிலோ ஏறும்வரை கண்ணை மூடிக்கொள்வதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

பட்டினி கிடப்பது, சாப்பிட்டு வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு இருந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் எடை பார்க்க வேண்டாம்.

கே: தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எடை இறங்கவே இல்லையே?

ப: 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 முதல் 150 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றினால் ஒரு கரண்டி இரண்டாவது கண்ணுக்கே தெரியாது. வாரத்துக்கு வேண்டிய எண்ணெயை அளந்து தனிப் பாட்டிலில் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

நடப்பதை விட்டுவிடாதீர்கள். குறைப்பதில் நடைக்குப் பங்கு சிறிது. குறைத்ததைக் காப்பதில் பெரிது. அதற்கு வாரம் 200 முதல் 300 நிமிடம் தேவை. கூடவே வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். குறையும் எடையில் தசையும் போகிறது, அதைத் தடுக்க வேண்டும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவு, மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கே: செமாகுளூடைட் ஊசி போட்டுக் குறைத்துவிட்டு நிறுத்திவிடலாமா?

ப: இது பசியைக் குறைத்து எடையை இறக்கும் மருந்து. நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது. இரத்த அழுத்த மாத்திரையைப் போலத் தொடர வேண்டிய மருந்து என்று எண்ணித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கே: வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையால் எடை ஏறுமா?

ப: ஏறும். ஸ்டீராய்டு, இன்சுலின் ஊசி, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், மனநலத்துக்குத் தரும் ஓலான்சபின் ஆகியவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, அப்போது எடை என்ன என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போய், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், வால்ப்ரோயேட்டைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.