இரண்டாவது சுருள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒரு சுவிசேஷக் கல்லூரியில் இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். வாரம் மூன்று நாள் சாப்பல், தினமும் மாலை ஜெபக்குழு. இந்த ஆண்டு பெண்கள் ஜெபக்குழுவின் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

எனக்கு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் சோடிய விளக்கின் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆனால் குழுவை நடத்தும் சீனியர் அண்ணன், "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்ற எரேமியா வசனத்தைக் காட்டி, இது உலகப்பிரகாரமான ஆசை, ஒப்புக்கொடுத்துவிடு என்கிறார். மிஷனரி ஜிம் எலியட் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தவில்லை, பேராயர் அசரியா பட்டம்கூட வாங்கவில்லை என்றும் சொல்கிறார். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடருக்கு வந்ததுபோல எனக்குத் தெளிவான அழைப்பு எதுவும் வரவில்லை. தேவன் என்னைப் பயன்படுத்தும்படி காத்திருக்க வேண்டுமா?

விண்ணப்பத்துக்கு எஸ்.ஓ.பி. (ஏன் ஆராய்ச்சிக்கு வருகிறேன் என்று சொல்லும் நோக்க அறிக்கை) எழுத வேண்டும். அதில் என் விசுவாசத்தைப் பற்றி எழுதலாமா, கூடாதா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அந்த வசனத்தை நீ எழுதியிருந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக என்னை விடாத வசனம் அது.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். நீ எனக்கு அனுப்பிய முழுக் கடிதத்தில் "தேவன் என்னைப் பயன்படுத்தும்படி" என்று ஆறு இடத்தில் வருகிறது. "எனக்கு வேண்டும்" என்பது ஒரே இடத்தில்தான் வருகிறது, அதற்கும் அடுத்த வரியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறாய். எனக்கு இந்த மொழி நன்றாகத் தெரியும். பாரம், தரிசனம், அழைப்பு, உணர்த்தினார், வழி திறந்தார். இவை எல்லாம் உண்மையான வார்த்தைகள், இவற்றை உண்மையாகச் சொல்லி வாழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விடுதியில் இருபது வயதில் நாம் இவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம்? நம் ஆசையை நம்முடையது என்று சொல்லப் பயந்து, அதை அவர் தலையில் ஏற்றிவைப்பதற்கு. ஆசைப்பட்டது நீ. அவரிடமே அதை "எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று சொல்லேன். பெற்ற தகப்பனிடம் சுற்றிவளைத்துப் பேசும் பிள்ளையைப்போல ஏன் பேசுகிறாய்?

இன்னொன்று. ஜெபக்குழுச் செயலாளராக ஆனபோது ரொம்ப சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தை உலகப்பிரகாரமானது என்று யாராவது சொன்னார்களா? அப்போது எந்த அண்ணனும் எரேமியாவைத் திறக்கவில்லையே. மேடையில் நின்று சாட்சி சொல்லப் போட்டி போடுவதும் ஆசைதான். யாருடைய ஜெபம் நீளம், யாருக்கு உபவாசம் மூன்று நாள் என்று கணக்குப் பார்ப்பதும் ஆசைதான். நான் அந்தக் கணக்கில் முதலிடம் பிடித்தவள், அதனால் சொல்கிறேன். ஆய்வகத்தில் வருகிற ஆசை தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஜெபக்குழுவுக்குள் இருக்கும் ஆசை வெள்ளை உடுத்திக்கொண்டு நிற்கிறது. எது அதிக ஆபத்து என்று நீயே யோசித்துப் பார்.

உன் அண்ணன் சொன்ன மற்ற உதாரணங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அசரியா பட்டம் பெறவில்லை என்பது உண்மை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், கணிதத் தேர்வு நேரத்தில் நோயில் விழுந்தார். நோயை எடுத்து யாரும் கொள்கையாக்க வேண்டாம். அவர் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேற்கத்திய மிஷனரிகள் முகத்துக்கு நேராக "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். சின்னதாக ஆசைப்பட்ட மனிதர் செய்கிற வேலையா இது?

ஜிம் எலியட் விஷயத்திலும் பாதியைத்தான் முகாம்களில் சொல்கிறார்கள். வீட்டன் கல்லூரியில் படித்தபோது மதிப்பெண் குறைந்ததற்காக அவர் வருந்தவில்லை, வேதத்தைப் படித்து "தேவனுக்கு முன்பாக உத்தமன்" என்ற பட்டத்தைத் தேடுகிறேன் என்று வீட்டுக்கு எழுதினார். சரி. அதே பையன் முதன்மைப் பாடமாக எடுத்தது கிரேக்கம். புதிய ஏற்பாட்டை எழுத்து வடிவமே இல்லாத ஒரு மொழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. 1949இல் பட்டத்தோடுதான் வெளியே வந்தார். 1956 ஜனவரியில் எக்குவடோரின் ஆற்றங்கரையில் நான்கு நண்பர்களோடு அவர் கொல்லப்பட்டதைப் பேசுகிறவர்கள், வினைச்சொல் விகாரங்களை உருப்போட்ட அந்த வருஷங்களைப் பேசுவதில்லை. ஐடா ஸ்கடரும் அப்படித்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக் கணவன்மார் வந்து கதவைத் தட்டியதும், பெண் மருத்துவர் இல்லாமல் அந்த மூன்று மனைவிகளும் பிரசவத்தில் இறந்ததும் எல்லாருக்கும் தெரியும். அழைப்பு வந்தது ஓர் இரவில். படிப்பு வருஷக்கணக்கில் நடந்தது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வேலூருக்கு வந்தார். தேர்வு எழுதாமல் காத்திருந்திருந்தால் நான்காவது பெண்ணும் இறந்திருப்பாள்.

இப்போது அந்த வசனம். எரேமியா 45:5.

அதை யாரிடம் சொன்னது என்று உன் அண்ணன் சொன்னாரா? பாருக்கிடம். நேரியாவின் மகன், எரேமியா சொல்லச் சொல்ல எழுதியவன். படித்த குடும்பம். அவன் சகோதரன் செராயா பிற்பாடு சிதேக்கியா ராஜாவிடம் அதிகாரியாக இருந்தான். பாருக்குக்கும் அரண்மனையில் இடம் கிடைத்திருக்கும். அவனோ ஊரே வெறுக்கும் ஒரு தீர்க்கதரிசியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். யோயாக்கீம் ராஜாவின் நாலாம் வருஷம், கி.மு. 605. தேசம் அழியப்போகிறது என்பதைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய், எனக்கு இளைப்பாறுதலே இல்லை என்று புலம்புகிறான். அப்போது வருகிறது இந்த வார்த்தை. "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ?" அதோடு முடியவில்லை. நீ போகும் இடமெல்லாம் உன் உயிரைக் காப்பேன் என்ற வாக்குறுதியும் அதே வசனத்தில் இருக்கிறது. எரியப்போகும் வீட்டில் இருக்கிற ஒருவனிடம், பொருளைப் பார்க்காதே, உயிரோடு வெளியே வா என்று சொல்வதுபோன்ற பேச்சு இது. இதைப் பட்டப்படிப்பு முடிக்கிற பெண்ணின் முதுகில் கட்டிவிட யாருக்கு உரிமை?

"உனக்கு" என்ற சொல்லைப் பார். பெரிய காரியம் செய்யாதே என்று அங்கே இல்லை. உனக்கென்று தேடாதே என்றுதான் இருக்கிறது. நான்கு எழுத்து. அந்த நான்கு எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் எத்தனையோ பிள்ளைகளிடம் இந்த வசனத்தை நாங்கள் சொன்னோம். நாங்கள் என்றுதான் சொல்கிறேன், நானும் சொன்னவள்.

என் அறையில் ஒருத்தி இருந்தாள். கணிதம் படித்தவள். பேர் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு விளக்கணைத்த பிறகு வராந்தா விளக்கின் கீழே தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். பாடத்தில் இல்லாத கணக்குகள். முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து மேலே பார்ப்பாள். அந்த முகத்தில் இருந்த அமைதி எங்கள் ஜெபக்கூட்டத்தில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு அதற்கு நான் வைத்த பெயர், அவளுக்காகப் பாரம்.

ஆண்டு முடிவில் ஒரு முகாம். கடைசி இரவு நெருப்பு மூட்டுவார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு சுள்ளி. எதை ஒப்புக்கொடுக்கிறோமோ அதை மனதில் சொல்லிச் சுள்ளியைப் போட வேண்டும். அன்று பேசியவர் எரேமியா 45:5இல்தான் பேசினார். இவள் அழுதாள். கணக்குதான் என் விக்கிரகம் என்று என் காதில் சொன்னாள். நான் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவளோடு அறைக்குப் போய், பெட்டியிலிருந்து இரண்டு நோட்டுகளையும் எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

தைத்த நோட்டு சீக்கிரம் எரியாது. ஓரம் கறுத்து, மூலை சுருண்டு, நடுப்பக்கங்கள் அப்படியே நிற்கும். சூட்டில் ஒவ்வொரு தாளாகத் தானே புரண்டது. அவள் எழுத்து தெரிந்தது. சமன்பாடுகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடுவாள், அந்தக் கோடுகள் தெரிந்தன. எரியவில்லை என்று ஒருவர் குச்சியால் உள்ளே தள்ளினார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.

அவள் அழிந்துபோனாள் என்று சொன்னால் பொய். படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், நன்றாக இருக்கிறாள், விசுவாசத்திலும் இருக்கிறாள். ஆனால் அந்த வராந்தாவுக்கு அவள் திரும்பி வரவில்லை.

பல வருஷம் கழித்து, வேறு எதற்காகவோ எரேமியாவைத் தொடர்ந்து படித்தபோதுதான் 36ஆம் அதிகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், 45:5ஐ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் 36ஐ முழுதாகப் படித்திருக்கவில்லை. நாலாம் வருஷம் பாருக்கிடம் அந்த வார்த்தை சொல்லப்பட்டது. கேட்டுவிட்டு அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டானா? ஐந்தாம் வருஷம் ஒன்பதாம் மாதம் அதே சுருளை ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஜனங்கள் எல்லார் காதிலும் விழ வாசிக்கிறான். எப்படி எழுதினாய் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். எரேமியா சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறான். மை என்று சொல்கிறான், பார். தன் வேலையை அவன் மறைக்கவில்லை, அதற்கு வேறு பெயர் வைக்கவும் இல்லை.

பிறகு சுருள் ராஜாவிடம் போகிறது. குளிர்காலம், முன்னே கணப்பு எரிகிறது. யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார்கள். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு, சுருள் முழுதும் தீரும்வரை. எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சுகிறார்கள், ராஜா கேட்கவில்லை. இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. எரித்தவன் யார் என்று பார். எங்கள் முகாமில் நாங்கள் யாருடைய இடத்தில் நின்றிருக்கிறோம் என்று பார். கெஞ்சவாவது அங்கே மூன்று பேர் இருந்தார்கள்.

அதிகாரத்தின் கடைசி வசனம்: எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுக்கிறான். எரிந்தது எல்லாவற்றையும் அவன் திரும்ப எழுதுகிறான், அதோடு அவைகளுக்கு ஒத்த அநேகம் வார்த்தைகளும் சேர்க்கப்படுகின்றன. "பெரிய காரியங்களைத் தேடாதே" என்று சொல்லப்பட்ட மனிதன், ஒரே புத்தகத்தை இரண்டு முறை எழுதினான், இரண்டாவது முறை முதலைவிடப் பெரிதாக.

இதைப் படித்த பிறகு அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "எரிச்சதுகூட பரவாயில்லடி. மறுநாள் உங்கள்ல யாராவது ஒரு புது நோட்டு வாங்கித் தந்திருக்கலாம்" என்றாள்.

சரி, உன் எஸ்.ஓ.பி. அதில் "தேவ சித்தத்தின்படி" என்று எழுதாதே. விண்ணப்பத்தைப் படிக்கும் தேர்வுக் குழுவுக்கு அது தேவையில்லை, உனக்கும் ஒளிந்துகொள்ள இடமாகிவிடும். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதே, கேட்காவிட்டால் வேலையைப் பற்றி எழுது. அந்த மாலையிலிருந்தே ஆரம்பி: ஒளியைப் பிரிக்கும் கீற்றணியை எந்த அளவு திருப்பினாய், எந்த வரிசையில் கோடு பிரிந்தது, 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கோடுகளுக்கு நடுவே இருந்த அந்த மெல்லிய இருட்டை முதலில் பார்த்தபோது அளவைக் குறித்துக்கொள்ள மறந்தாயா, இல்லையா. அன்று தூங்கவில்லை என்பதையும் எழுது.

உன் அண்ணன் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. எங்களிடம் பேசியவரும் கெட்டவர் இல்லை. இன்று மாலை ஜெபக்குழுவில் 36ஆம் அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, நாளைக் காலை சாப்பல் முடிந்ததும் முதல் வேலையாக அவர் அறைக்குப் போ.

அன்புடன்,
அக்கா