அக்வாபோனிக்ஸ் தொட்டிக்குப் பழைய நீலத் தோம்பு சரிவருமா?

நீங்கள் கேட்டது இது: மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரையும் வளரும் அக்வாபோனிக்ஸ் முறையில், வீட்டில் சாப்பிடுவதற்காகத் திலாப்பியா மீனும் கங்கோங் கீரையும் வளர்க்கப் போகிறீர்கள். பழைய சாமான் கடையில் 200 லிட்டர் நீலத் தோம்பு (பிளாஸ்டிக் டிரம்) மலிவாகக் கிடைத்திருக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறது. அது போதுமா?

போதாது. அந்த 2-ஐ நம்பி நானும் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு மலேசியாவின் பிறை நகரில் வரிசை வீடு. கார் போர்ச் ஓரத்தில்தான் என் மீன் தொட்டியும் கீரைப் படுக்கையும். முதல் தோம்பை விற்றவர் "கிச்சாப் தோம்பு தம்பி, ஒன்னும் ஆகாது" என்றார். கிச்சாப் என்றால் சோயா சாஸ். மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. கழுவி, தண்ணீர் நிரப்பி, மீன் விட்டேன். மூன்றாம் நாள் மத்தியான வெயிலில், தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லைச் சுற்றி நுரை திரண்டு நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதில் இருந்தது கிச்சாப் இல்லை, ஏதோ சோப்புத் திரவம். சோப்பு மீனின் செவுளைத்தான் முதலில் கெடுக்கும்.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஸ்டோரில். தினமும் தோம்பு எண்ணுகிறவன்!

முக்கோண எண் பிளாஸ்டிக் எந்த வகை என்பதை மட்டும்தான் சொல்லும். 2 என்றால் எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), 5 என்றால் பிபி (பாலிப்ரொப்பிலீன்). இரண்டுமே நல்ல சரக்கு, தொட்டிக்கு ஏற்றவை. ஆனால் அதில் என்ன சாயம் கலந்தார்கள், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கா, இதற்கு முன் உள்ளே என்ன ஊற்றி வைத்திருந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. சிமெண்ட் குழைக்கும் கறுப்புத் தொட்டியிலும் அதே எண் இருக்கலாம். புதிய பாத்திரம் என்றால் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். உணவு படலாம் என்பதற்கான குறி அதுதான்.

தோம்பின் மேல் வட்டத்துக்குள் யு, என் என்ற எழுத்துகளும் 1ஹெச்1 அல்லது 1ஹெச்2 என்ற குறியும் புடைத்திருக்கும். சிலர் அதைப் பார்த்ததும் விஷம் என்று ஓடுவார்கள். அபாயகரமான சரக்கை ஏற்றத் தேவையான சோதனையில் அந்தத் தோம்பு தேறியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வாய் சிறியதாக இருந்தால் 1ஹெச்1, மூடி முழுதாகக் கழன்று வந்தால் 1ஹெச்2. உள்ளே என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஒட்டியிருக்கும் காகிதம் மட்டுமே. சரக்கின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் நான் தொடவே மாட்டேன். இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் 1000 லிட்டர் ஐபிசி தொட்டிக்கும் இதே கணக்குதான்.

"நல்லா கழுவினா போயிடாதா?" என்று கேட்பீர்கள். மீன் கறி வைத்த பிளாஸ்டிக் டப்பாவை மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டு மோந்து பாருங்கள். எண்ணெய், பூச்சிமருந்து, கரைப்பான் எல்லாம் எச்டிபிஇக்குள் ஊறிவிடும், பிறகு வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சிரப், வினிகர், கிச்சாப் இருந்த தோம்பு என்றால் வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். கழுவிய பிறகு தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வெயிலில் காற்றுக்கல் ஓட விடுங்கள். நுரை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுரை வராததை வைத்து மட்டும் நல்ல தோம்பு என்று முடிவு செய்யவும் முடியாது, பூச்சிமருந்து நுரைக்காமலே இருக்கலாம். கப்பி மீனை விட்டுச் சோதிப்பதாகச் சிலர் சொல்வார்கள். சாக்கடையிலேயே பெருகும் மீன் அது. அது உயிரோடு இருப்பதில் என்ன தெரியும்?

முக்கோணத்துக்குள் 7 என்ற எண் 'மற்றவை' என்று பொருள்படும். தண்ணீர் விற்கும் கெட்டியான கேன்கள் பல பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், அவை இந்த வகையில் வரும். அதிலிருந்து பிபிஏ என்ற வேதிப்பொருள் கசியும் என்ற பேச்சு உண்டு. மலேசியாவில் 2012 மார்ச்சில் குழந்தைகளின் பால் புட்டியில் அதைத் தடை செய்தார்கள். கேனை வெட்டி நாற்று வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

மனிதருக்குப் பாதுகாப்பானது மீனுக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டியதில்லை. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறோம். அந்தச் செம்பு கொஞ்சம் கரைந்தாலே மீனுக்கு ஆபத்து, இறாலுக்கும் நத்தைக்கும் இன்னும் மோசம். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியும் அப்படியே. மீன் கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீர் மெல்லப் புளிக்கிறது, பிஹெச் இறங்குகிறது. புளித்த தண்ணீரில் உலோகம் இன்னும் வேகமாகக் கரையும். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியாக இருக்கும்போது, ஐந்தாம் மாதம் வந்து நிற்கும். வால்வு, இணைப்பு எதிலும் பித்தளை வேண்டாம்.

சிமெண்ட் தொட்டியில் நேர் எதிர்ப் பிரச்சினை. சுண்ணாம்பு கசிந்து பிஹெச் ஏறும். புதுத் தொட்டியில் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகுதான் மீன் விட வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லும் சுண்ணாம்பு இனம்தான். ஒரு கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கினால் கீரைப் படுக்கையில் போடாதீர்கள்.

குழாய்க்கு ஹார்ட்வேர் கடையில் குடிநீருக்கான யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் கேளுங்கள், எம்எஸ் 628 என்ற மலேசியத் தரக் குறி அச்சிட்டிருக்கும். கழிவுநீர்க் குழாய் விலை குறைவுதான், அது குடிநீருக்காகச் செய்தது இல்லை. வளைகிற தோட்டக் குழாயை மென்மையாக்கக் கலக்கும் பொருள் தண்ணீரில் இறங்கலாம், நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள். இடுக்கு அடைக்கச் சிலிகான் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அதில் பூஞ்சைக்கொல்லி இருக்கிறது. மீன் தொட்டிக்கான சிலிகானே வேண்டும். பலகை அடித்துத் தார்ப்பாலின் விரிப்பதும் வேண்டாம், மீன் குளத்துக்கென்று விற்கும் விரிப்பையே வாங்குங்கள்.

இப்போது நான் வைத்திருப்பது கூரைமேல் வைக்கும் புது பாலிஎத்திலீன் குடிநீர்த் தொட்டி. பழைய தோம்பைவிடப் பல மடங்கு விலை, வீட்டம்மாவிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. வெளிச்சம் உள்ளே புகாததால் பாசியும் பிடிப்பதில்லை. வெளிர் நிறத் தோம்பாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடியுங்கள். உள்ளே எதையும் பூசாதீர்கள்.

உங்கள் தோம்பில் காகிதம் இல்லையென்றால் காசு போனாலும் பரவாயில்லை, மீனுக்கு வேண்டாம். என்னுடையது இன்னும் போர்ச்சில்தான் நிற்கிறது, கார் கழுவத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். நுரை வந்தால் லாபம்.