ஆங்கிலத்தில் ‘ஷ்ரூட்’ (shrewd) என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டா, திட்டா?

ஆபீசில் யாரோ உங்களை அப்படிச் சொல்லிவிட்டார்கள், சரிதானே? பயப்படாதீர்கள், பெரும்பாலும் பாராட்டுதான். அது தெரியாமல் நான் ஒரு மாதம் மேனேஜரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் வேலை. ஒரு மழை நாளில் ஒரே ஒரு வண்டியின் சாக்குகள் மட்டும் அநியாயத்துக்குக் கனத்தன. ஈரம்தானே என்று விடாமல் ஒன்றை அவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். மேலே கொழுந்து, அடியில் முற்றின இலை, தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார்கள். அந்த வருஷ ரிப்போர்ட்டில் மேனேஜர் என் பெயருக்கு நேரே ‘ஷ்ரூட்’ என்று எழுதிவிட்டார். அகராதியைப் புரட்டினால் ‘தந்திரமுள்ள’ என்று இருக்கிறது, அதற்குச் சற்று மேலேயே ‘ஷ்ரூ’, மூஞ்சூறு! திருடனைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு இந்தப் பட்டமா என்று கடைசியில் சண்டைக்கே போய்விட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அகராதி முழுப்பொய் சொல்லவில்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்குப் பொல்லாத, கெட்ட என்றுதான் பொருள். போகப் போக, நிலைமையைச் சட்டென்று எடைபோட்டு ஏமாறாமல் நடப்பவர் என்று நல்ல பக்கம் வந்துவிட்டது. ‘ஷ்ரூட் கெஸ்’ என்றால் ஆள் பார்த்து, நிலவரம் பார்த்துச் சொன்ன, பெரும்பாலும் பலிக்கிற ஊகம். ‘கன்னிங்’ (cunning) என்ற சொல் போன வழி நேர் எதிர்: அறிவு, திறமை என்று தொடங்கி இன்றைக்குக் குள்ளநரித்தனத்தில் வந்து நிற்கிறது.

தமிழில் நான் ‘கைகாரன்’ என்பேன். அதிலும் பாதி பாராட்டு, பாதி உஷார். தமிழாசிரியர்கள் அடிக்க வராதீர்கள், ‘கூர்மதி’ எனக்கும் தெரியும், ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இப்போது அரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். எங்கள் ஏஜென்ட் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் 100 கிலோவுக்கு 5 கிலோ ஈரக் கழிவு பிடிக்கிறார். கேட்டால் சாக்கு எடை என்கிறார், சாக்கு எடையைத் தனியாகவும் பிடிக்கிறார். இவரை ஷ்ரூட் என்று ஒருவர் என்னிடமே புகழ்ந்தார். போன மாத இலைக்கு இன்னும் பணம் வரவில்லை.